கிளட்ச்சை மிதித்தும் மட்டை மெஷின் நிற்கவில்லையே?

கேள்வி: ஐயா, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மட்டையைத் தூளாக்க, டிராக்டர் பி.டி.ஓ.வில் (இன்ஜின் சக்தியை மெஷினுக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) ஓடும் மெஷின் வாங்கினேன். கிளட்ச்சை மிதித்தாலும் அதையும் மெஷினையும் இணைக்கும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டியில் கோளாறா? ஷாஃப்ட் மேல் இருந்த பிளாஸ்டிக் உறை உடைந்துபோனதால் கழற்றிவிட்டேன். அப்படியே ஓட்டலாமா?

பதில்: முதலாவது அநேகமாகக் கோளாறு இல்லை. உங்களுடையது டபுள் கிளட்ச் வண்டியாக இருக்கும். அதில் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும். கடைசிவரை அழுத்தினால்தான் பி.டி.ஓ.வுக்குப் போகும் சக்தி நிற்கும். வண்டி நின்றாலும் கருவி சுற்றுவதால், மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. முழுதாக மிதித்தும் வேகம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகம் குறைந்தாலும் மெஷின் உடனே நிற்காது. கத்தி பூட்டிய பாகம் நல்ல கனம். இன்ஜின் விட்ட பிறகும் அது தன் வேகத்திலேயே சுற்றும், ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுற்றும். மட்டை சிக்கினால் கிளட்ச்சை ஒருவர் மிதித்திருக்க இன்னொருவர் கையை விடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. கால் வழுக்கினால் கை போய்விடும். பி.டி.ஓ. லிவரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கத்தி முழுதாக நின்ற பிறகு தொடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை. உறை இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. ஷாஃப்ட்டில் சுமார் 10 செ.மீ. அகலமுள்ள ஜாயின்ட்டில் துணி மாட்டினால் ஒரே நொடியில் ஏறக்குறைய 3 மீட்டரைச் சுருட்டிவிடும். நாலு முழ வேட்டி அதைவிடக் குறைவு. கையை எடுக்க நேரமே இருக்காது. மட்டை போட வரும் பெண்கள் முந்தானையை இறுகச் செருகி, மேலே சட்டை போட்டு, தலைமுடியைக் கட்டிக்கொள்ளட்டும். துண்டு, லுங்கி வேண்டாம். ஓடும் ஷாஃப்ட்டை யாரும் தாண்டவே கூடாது.

சீக்கிரம் அரைபடும் என்று ஆக்சிலரேட்டரை ஏற்றிவிடாதீர்கள். எந்த இன்ஜின் வேகத்தில் 540 வரும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அப்புறம், ஷியர் போல்ட் (பாரம் மிஞ்சினால் தானே அறுந்து மெஷினைக் காக்கும் போல்ட்) அறுந்தால் அதே அளவு, அதே ரகம் மாற்றுங்கள். கம்பியைச் சொருகினால் அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ்.

உறை தனியாகவே கிடைக்கும், ஷாஃப்ட்டை மாற்ற வேண்டியதில்லை. உடைந்ததைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அளவு பாருங்கள். மாட்டியதும் அதன் சங்கிலியை வண்டியில் கொக்கி போடுங்கள்; உள்ளே ஷாஃப்ட் சுற்றினாலும் உறை சுற்றாமல் நிற்பது அதனால்தான். இன்ஜின் அணைந்திருக்கும்போது சங்கிலியைக் கழற்றி உறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். தாராளமாகத் திரும்பாவிட்டால் உள்ளே பேரிங்குக்கு கிரீஸ் வையுங்கள்.