ஸ்பூல் ஒரு பவுணுக்குள் இருக்கட்டும்

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசிரியர் நியமனம் நுவரெலியாப் பக்கம். தங்கியிருக்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு தோட்டத்து ஓடை, அதில் ட்ரவுட் மீன் இருக்கிறதாம். "சின்ன பெயிட்காஸ்டர் தூண்டல் ரீலால் 3 கிராம் லூரை (பொய் இரையை) எறிகிற வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ஆசை விடவில்லை. 30,000 ரூபாய்க்குள் ரீல், தடி, நூல் எல்லாம் முடிக்கலாமா? கூட்டாளி ஒருவர் தன்னுடைய பழைய பெயிட்காஸ்டரை மலிவாகத் தருகிறேன் என்கிறார், வாங்கவா? லீவில் ஊருக்கு வந்தால் மட்டக்களப்பு வாவியிலும் பாவிக்க ஏலுமா?"

கூட்டாளியின் ரீலில் இருந்து தொடங்குவோம். காசைக் கொடுக்க முன்னம் அதன் பக்க மூடியைக் கழற்றி, ஸ்பூலை, அதாவது நூல் சுற்றும் உருளையை, மட்டும் வெளியே எடுத்து, தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோங்கள். பகிடியில்லை. நான் மட்டக்களப்பில் அப்படித்தான் செய்தேன். தட்டாரண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் என்னுடைய பழைய ஸ்பூலை வைத்தார்: 17 கிராம். புதிதாக வாங்கியதை வைத்தார்: 8 கிராமுக்குச் சற்றுக் கீழே. "இது ரெண்டு பவுண், இது ஒரு பவுண்" என்று சிரித்தார். நீங்கள் கேட்ட விஷயம் முழுக்க அந்த ஒரு பவுண் வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் அசையாது. நூல் வளையம் வளையமாகக் கழன்று போகும், லூருக்குச் சுமை குறைவு. பெயிட்காஸ்டரில் அப்படியில்லை. பறக்கிற லூர்தான் ஸ்பூலைச் சுழற்ற வேண்டும். 3 கிராம் லூர் 17 கிராம் ஸ்பூலைச் சுழற்றுவது கன்றுக்குட்டி மாட்டுக் கரத்தையை இழுத்த கதை. கிளப்பவே அரைவாசி வேகம் போய்விடும். கிளம்பிய பிறகு வேறு வில்லங்கம்: லூர் காற்றில் வேகம் குறைந்துகொண்டே போகும், பாரமான ஸ்பூலோ நிற்காமல் சுற்றும். வெளியே போக இடமில்லாத நூல் உள்ளுக்குள்ளேயே குருவிக்கூடு கட்டிவிடும். ஜப்பான்காரர் இந்தச் சிக்கலுக்காகவே ஸ்பூலை மெல்லியதாக, ஆழம் குறைந்ததாகச் செய்தார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்தது அதைத்தான். பெயிட் பினெஸ் சிஸ்டம் என்பார்கள், சுருக்கமாக பி.எப்.எஸ்.

ஆகவே கூட்டாளியின் ஸ்பூல் 10 கிராமைத் தாண்டினால், சும்மா தந்தாலும் ட்ரவுட்டுக்கு வேண்டாம். விராலுக்குத் தவளை லூர் எறிய வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பூல் இலேசாக இருந்தும் நான் ஒருமுறை கெட்டேன். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில், புது ரீல், விளிம்பு வரைக்கும் தங்கூசி நூல் நிரப்பியிருந்தேன். கடையில் அப்படித்தான் சுற்றித் தந்தார்கள், எனக்கும் நிறைய இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. முதல் எறியிலேயே சிக்கு. அன்று முழுக்க மருதமர நிழலில் குந்தியிருந்து நூல் பிரித்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்துதான் கணக்குப் பார்த்தேன். 0.18 மில்லிமீற்றர் நைலோன் 100 மீற்றர் கிட்டத்தட்ட 3 கிராம் வரும். அதாவது லூரின் எடையை ஸ்பூலின் மேலேயே சுற்றி வைத்திருக்கிறேன், அதுவும் சுழற்றக் கஷ்டமான வெளிவிளிம்பில். 40 மீற்றர் என்றால் ஒரு கிராம் சொச்சம்தான். ஓடையில் 10 மீற்றருக்கு மேல் எறியவே இடமிருக்காது, 40 மீற்றர் தாராளம். புதுப் பழக்கத்துக்கு 4 இறாத்தல் இழுவை தாங்கும் நைலோன் போதும். பின்னல் நூல் வேண்டுமென்றால் பி.ஈ. என்கிற தடிப்புக் கணக்கில் 0.6 அல்லது 0.8, நுனியில் ஒரு மீற்றர் புளோரோகார்பன் நூல். ஆனால் மெல்லிய பின்னல் நூலில் சிக்கு விழுந்தால் பிரிப்பதை விட வெட்டுவதுதான் நடக்கும்.

காசு விஷயம். ஜப்பான் முதல்தரங்களை மறந்துவிடுங்கள். சுரினோயா, காஸ்ட்கிங் போன்ற, சீனத்தில் செய்கிற ரகங்களில் 50 முதல் 80 டொலர் வரைக்குள் நல்ல பி.எப்.எஸ். ரீல்கள் இருக்கின்றன. கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு ஓடர் போடுங்கள். பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்கு ரீலுக்குப் போகட்டும். பாரம் குறைந்த ரீல் என்று விளம்பரத்தில் போடுவது முழு ரீலின் எடையை, அதைப் பார்த்து ஏமாறாமல் ஸ்பூலின் எடையைத் தேடுங்கள். பெயாரிங் எத்தனை என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு. பல் விகிதம், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பது, மட்டும் 7-க்குக் குறையாமல் இருக்கட்டும். ட்ரவுட் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கிற மீன். நீங்கள் அதற்குப் பின்னால், கீழே நின்று மேல்நோக்கி எறிவீர்கள். லூர் தண்ணீரோடு சேர்ந்து உங்களை நோக்கி ஓடிவரும், அதை முந்திச் சுற்றினால்தான் ஸ்பின்னர் என்கிற லூரின் தகடு சுழலும். 32 மில்லிமீற்றர் ஸ்பூலில் 7 விகிதத்துக்கு, நூல் நிறைந்திருந்தாலே ஒரு சுற்றுக்கு 70 சென்ரிமீற்றர்தான். ஸ்பூலில் நூலைக் குறைத்துச் சுற்றியிருந்தால் அதிலும் குறைவு.

தடி ஒன்றரை மீற்றர் சுமார், இரண்டு அல்லது நாலு துண்டு. பதுளை பஸ்ஸில் நீளத் தடியோடு ஏறிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று விளங்கும். 3 கிராமைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும்போது நுனி வளைய வேண்டும். விறைத்த தடியால் இந்த லூரை எறிய ஏலாது.

கைக்கு வந்ததும் ஓடைக்கு ஓடாதீர்கள். முற்றத்தில் எட்டு மீற்றர் தள்ளி ஒரு பேசினை வையுங்கள். கொக்கி கழற்றிய லூரைக் கட்டுங்கள். கைப்பிடிப் பக்கத்துச் சின்னத் திருகை, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடுவது நிற்கும் வரைக்கும் மட்டும் இறுக்குங்கள், அதோடு அதை மறந்துவிடுங்கள். ஸ்பூலின் வேகத்தை அடக்குகிற காந்தப் பிரேக்கை முழுக்க ஏற்றி எறிந்து, ஒவ்வொரு புள்ளியாக இறக்குங்கள். ஸ்பூலில் நூல் புசுபுசுவென்று உப்பத் தொடங்கினால் ஒரு புள்ளி திரும்ப ஏற்றுங்கள். லூர் விழுகிற கணத்தில் பெருவிரல் ஸ்பூலைத் தொட வேண்டும். சிக்கு விழுந்தால் இழுக்காதீர்கள். பெருவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு நூலை உருவுங்கள். பாதிச் சிக்குகள் அப்படியே அவிழும்.

அந்த ட்ரவுட் பற்றியும் இரண்டு வார்த்தை. அது இங்கத்தைய மீனல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதில் பிரவுன் ட்ரவுட் தங்கவில்லை, ரெயின்போதான் நிலைத்தது. குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் அது பிழைக்காது. செங்கலடியில் இருந்து போகும் ஏ5 வீதியில்தானே மேலே போவீர்கள், மகா ஓயாவில் வெந்நீர் ஊற்று, அதே வீதியில் நுவரெலியாவில் ட்ரவுட்! ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா, அங்கே தூண்டலை எடுக்கவே வேண்டாம். தோட்டத்து ஓடை என்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், பிடித்ததை அதிகம் காயப்படுத்தாமல் விடலாம்.

வாவியில் பாவிக்கலாம். கண்ணாப் பற்றை ஓரத்தில் சின்னக் கொடுவாவும் பாரைக்குஞ்சும் 3 கிராம் மின்னோவுக்கு (சின்ன மீன் வடிவ லூருக்கு) நன்றாக வரும். பெரிய கொடுவா பிடித்தால் மெல்லிய நூல் அதன் செவுள் மூடியில் அறுந்துவிடும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் அதற்கு எதிரே எறிந்தால் சிக்குத்தான். முதலை இருக்கிற இடங்களில் கரையிலேயே நில்லுங்கள், முழங்கால் தண்ணீரும் வேண்டாம். இந்த ரீலின் பெயாரிங் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவி, ஸ்பூலைக் கழற்றி நிழலில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பெயிட்காஸ்டர்தான் வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால், 1000 அளவு ஸ்பின்னிங் ரீல் இதே 3 கிராமை முதல் நாளே சிக்கில்லாமல் எறியும், பாதி விலைக்கு. பற்றைக்குக் கீழே கிடக்கிற சாண் அகல இடைவெளிக்குள் லூரை வைக்கும்போது பெருவிரலில் கிடைக்கிற சுகம் மட்டும் அதில் இல்லை. அந்தச் சுகத்துக்கு மீதிப் பாதியைக் கொடுக்கலாமா என்று நீங்களே யோசியுங்கள், தம்பி. நான் கொடுத்தேன்.