டப்பாவில் 108 என்று போட்டிருந்தால் என்ன பொருள்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள தளத்தில் வசிக்கிறோம். வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவில் 'எஸ்.ஆர்.ஐ. 108' என்று அச்சிட்டிருக்கிறது. வெயிலில் 108 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், அறையில் 10 டிகிரி குறையும் என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: தன்மேல் விழும் வெயிலைவிட அதிகமாகத் திருப்பி அனுப்பும் பரப்பு எதுவும் கிடையாது. புதிதாகப் பெய்த பனிகூட 80 முதல் 90 விழுக்காடு வரையே திருப்பும். உங்கள் ஊர்க் கடல் நண்பகலில் 10 விழுக்காட்டைக்கூட எட்டாது. பூமி முழுவதையும் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 விழுக்காடுதான், அதிலும் பெரும்பங்கு மேகங்களுடையது.

எஸ்.ஆர்.ஐ. (சூரிய ஒளி எதிரொளிப்புக் குறியீட்டெண்) என்பது விழுக்காடு அன்று. 5 விழுக்காடு ஒளியைத் திருப்பும் கறுப்புப் பரப்புக்கு 0 எனவும், 80 விழுக்காடு திருப்பும் வெள்ளைப் பரப்புக்கு 100 எனவும் வைத்துக்கொண்டு, அவற்றோடு ஒப்பிட்டால் இந்தப் பெயிண்ட் வெயிலில் எவ்வளவு சூடேறுகிறது என்பதைக் காட்டும் எண் அது. அந்த வெள்ளைப் பரப்பைவிடக் குறைவாகச் சூடேறினால் எண் 100ஐத் தாண்டும்; ஆகவே 108 என்று அச்சிட்டதில் பிழையில்லை. கடைக்காரர் தந்த விளக்கம்தான் பிழை.

ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒளி திருப்பும் திறன், ஏறிய வெப்பத்தை வெளிவிடும் திறன் ஆகிய இரண்டையும் பாருங்கள். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் என்பதால், வெண்மையை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. பளபளக்கும் அலுமினியப் பெயிண்ட் ஒளியைத் திருப்பினாலும், ஏறிய வெப்பத்தை எளிதில் விடாது. இவற்றைவிட முக்கியம், மூன்றாண்டு வெயில் மழை கண்டபின் அளந்த மதிப்பு. உப்புக்காற்றும் புழுதியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் படரும் பாசியும் சேர்ந்தால் புதுப்பூச்சின் எண் நிலைக்காது; தை பிறந்ததும் தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.

பத்து டிகிரி என்பது பெரும்பாலும் தளத்தின் மேற்பரப்பில் காணும் வேறுபாடு. சுவர், சன்னல் வழியாகவும் வெப்பம் நுழைவதால், அறைக்குள் அது மிகவும் குறைவாகவே தெரியும். வாடகை வீடென்றால், கோடைதோறும் சுண்ணாம்பு அடிப்பதே சிக்கனம் என்பது என் கருத்து.

வாங்குவதானால், கடைக்காரர் சொல்லும் டிகிரிக் கணக்கைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொய் விளம்பரம் குறித்து 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.