பையன் ஆர்மியில் சைன் ஆன் செய்கிறேன் என்கிறான், அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை

அக்கா, உங்கள் வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். பையனுக்கு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் கடைசி செமஸ்டர், இன்னும் சில மாதங்களில் நம் சிங்கப்பூரின் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவை, அதற்குள் ஆர்மியில் சைன் ஆன் செய்கிறேன், அதாவது நிரந்தர வீரனாகச் சேர்கிறேன் என்கிறான், அதுவும் காலாட்படை, இல்லையென்றால் கார்ட்ஸ் என்ற சிறப்புக் காலாட்படைதான் வேண்டும் என்று நிற்கிறான். அவன் அப்பாவுக்கு ஒரே பெருமை. உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. சரி, பேசுவோம்.

வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். தேசிய சேவை அவன் எடுத்த முடிவும் இல்லை, நீங்கள் தடுக்கக்கூடியதும் இல்லை. 1967லிருந்து அது சட்டம், எல்லா வீட்டுப் பையன்களும் 2 வருடம் போகிறார்கள். அதில் எந்தப் பிரிவுக்கு விருப்பம் என்று முன்கூட்டியே கேட்பார்கள், அவன் சொல்லலாம். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் கிடைக்கும் பெஸ் என்ற உடல்தகுதித் தரமும் படையின் தேவையும் சேர்ந்துதான் கடைசி முடிவைச் சொல்லும். அதாவது அவன் சைன் ஆன் செய்யாமல் இருந்தாலும், உடம்பு நன்றாக இருக்கிற பையன் என்றால் காலாட்படைக்குப் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. சைன் ஆன் என்பது வேறு. அது வேலை. ஒப்பந்தம், சம்பளம், இத்தனை வருடம் இருப்பேன் என்ற வாக்கு, படிப்புக்கு அவர்கள் பணம் கட்டினால் அதற்கு ஈடாக இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட், நடுவில் விட்டுவிட்டு வந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிய பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கிறது.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போர்ப் பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்கட்டும், தடுக்காதீர்கள். சைன் ஆன் கையெழுத்தை மட்டும் தள்ளிப் போடச் சொல்லுங்கள், டெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடித்து ஒரு யூனிட்டில் சில மாதமாவது இருந்து பார்க்கும் வரைக்கும். தேசிய சேவையில் இருக்கும்போதே சைன் ஆன் செய்யலாம், கதவு மூடிவிடாது. மற்ற பெரும்பாலான வேலைகளுக்கு இப்படி ஒரு வசதி கிடையாது. வங்கியில் சேர நினைக்கிற பிள்ளை 6 மாதம் வங்கியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியுமா? இவனுக்கு அது தானாகவே கிடைக்கப் போகிறது, அதைப் பயன்படுத்தாமல் கையெழுத்துப் போட ஏன் அவசரம்?

இப்போது உங்கள் பயம். பயிற்சியில் பையன்கள் இறந்திருக்கிறார்கள், அதை நான் மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ போவதில்லை. ஆனால் "போர்ப் பிரிவு வேண்டாம், வேறு ஏதாவது பாதுகாப்பான பிரிவில் போட்டால் போதும்" என்று நீங்கள் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2019 ஜனவரியில் நியூசிலாந்துப் பயிற்சியில் பீரங்கி வாகனத்துக்குள் அடிபட்டு இறந்த அந்த இளைஞரை உங்களுக்கு நினைவிருக்கும், ஊரே அழுதது. அவர் பழுதுபார்க்கும் டெக்னீஷியனாகப் போனவர். பெரிய இயந்திரம், வெடிபொருள், வெயில் இருக்கிற இடத்தில் பிரிவின் பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது. அதற்குப் பிறகு பயிற்சிகளைக் குறைத்து நிதானப்படுத்தினார்கள், பாதுகாப்பைத் தனியாகக் கண்காணிக்க ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகத்தையும் அமைத்தார்கள். ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது சின்ன வயதில் வந்த மூச்சிழுப்பு, விளையாடும்போது வந்த மயக்கம், முட்டியில் பட்ட அடி, குடும்பத்தில் இருக்கும் இதய நோய் எதையும் அவன் மறைக்கக் கூடாது. கார்ட்ஸ் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் மறைக்கிற பையன்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து பழைய பாலிகிளினிக் சீட்டுகளையெல்லாம் தேடி எடுத்து நீங்களே அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள். அப்புறம், இப்போதிருந்தே ஓடச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன்பே ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வில் 61 புள்ளி எடுத்துவிட்டால் சேவைக்காலம் 2 மாதம் வரை குறையும். அதைவிட முக்கியம், வெயிலுக்குப் பழகிய உடம்போடு உள்ளே போவான்.

அவன் முடிவு சரியா என்று பார்க்க, தைரியத்தை அளக்காதீர்கள், அந்த வயதில் எல்லாப் பையன்களிடமும் தைரியம் இருக்கிறது. அவன் பார்த்த வீடியோவில் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகிறார்கள், தலையில் கார்ட்ஸின் காக்கி பெரே தொப்பி. நானும் காலாட்படையில்தான் 2 வருடம் இருந்தேன். அதில் பெரும்பாலான நாள் துப்பாக்கியைத் துடைப்பது, குழி தோண்டுவது, லிம் சூ காங் காட்டில் மழையில் நனைந்துகொண்டு காத்திருப்பது, ராத்திரி 3 மணிக்குக் காவல் நிற்பது. இதையெல்லாம் 2 வருடத்தில் எவனும் பழகிவிடுவான். சைன் ஆன் செய்தவனின் வேலை அதுவும் இல்லை. நம் ராணுவம் தேசிய சேவையாளர்களால் ஆனது. புதிது புதிதாக 18, 19 வயதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள், 2 வருடத்தில் போய்விடுவார்கள், அடுத்த கூட்டம் வரும். நிரந்தரமாக இருக்கும் சார்ஜென்ட்டுக்கு அதே பாடத்தை, அதே துப்பாக்கியை, அதே "செடியா" (நேராக நில்), "செனாங் டிரி" (தளர்ந்து நில்) என்ற மலாய்க் கட்டளைகளை முதலிலிருந்து சொல்லித்தருவதுதான் பிழைப்பு. வர விருப்பமில்லாமல் வந்தவன், காதல் முறிந்து அழுகிறவன், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும் கவலையில் எதுவும் காதில் ஏறாதவன், எல்லாரையும் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட வாத்தியார் வேலை, பாதி அண்ணன் வேலை.

எங்கள் பிளாட்டூனுக்கு அப்படி ஒரு சார்ஜென்ட் கிடைத்தார். மூட்டையைச் சுமந்து நெடுந்தூரம் நடக்கும் ரூட் மார்ச்சில் ஒருநாள், நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தான் என்று நாங்கள் நினைத்த ஒருவனை அவர் வரிசையிலிருந்து இழுத்து நிழலில் உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, மருத்துவ உதவியாளரைக் கூப்பிட்டார். அவன் பேச்சு கொஞ்சம் குழறியதைக் கவனித்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. யாராவது போர்ப் பிரிவில் சைன் ஆன் செய்கிறேன் என்று என்னிடம் வந்தால் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன், இந்தப் பிள்ளையிடம் அந்தக் கண் இருக்கிறதா என்று. உங்கள் பையன் தங்கைக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது எத்தனையாவது முறை எரிச்சல்படுகிறான்? பள்ளியில் சிசிஏ என்ற இணைப்பாட நடவடிக்கையில் ஜூனியர்களைப் பார்த்துக்கொண்டானா, இல்லை தன் பதக்கத்தோடு நின்றுவிட்டானா? இது உங்களுக்குத்தான் தெரியும், அவனுக்கே தெரியாது.

அப்புறம் அவனுடைய டிப்ளோமா. 3 வருடம் இயந்திரம் படித்துவிட்டு காலாட்படைக்குப் போனால் படித்தது மெல்ல மறந்துபோகும். 30 வயதைத் தாண்டி வெளியே வருகிறவனிடம் ஆள்களை நடத்தும் திறமை நிறைய இருக்கும், ஆனால் கையில் ஒரு தொழில் இருக்காது, அதைத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் ஒப்பந்தம் பேசும்போது பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு அனுமதியும் பண உதவியும் எப்போது, எந்த நிபந்தனையில் என்று கேட்டு எழுத்தில் வாங்கட்டும். மிலிட்டரி எக்ஸ்பர்ட் என்ற தனிப் பணித்திட்டமும் இருக்கிறது, சீருடை போட்டுக்கொண்டே என்ஜினியரிங் வேலை பார்க்கலாம், அதைப் பற்றி அவனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்துகொண்டு வேண்டாம் என்றால் நல்லது, தெரியாமலே தள்ளியிருந்தால் உட்கார்ந்து படிக்கட்டும். ஆபீசராகிவிடுவேன் என்ற கணக்கிலும் கையெழுத்துப் போடக் கூடாது. யார் ஆபீசர் பயிற்சிக்குப் போவது என்பது அடிப்படைப் பயிற்சியில் எப்படிச் செய்கிறான் என்பதைப் பொறுத்தது. சார்ஜென்ட்டாகவே இருந்தாலும் இந்த வேலை பிடிக்குமா என்பதற்கு ஆமாம் என்று பதில் வர வேண்டும்.

குடும்பத்துக்கு ஆகும் செலவும் இருக்கிறது, பணமில்லை, நாள்கள். ஆஸ்திரேலியா குவீன்ஸ்லாந்தில் பயிற்சி, புருணை காட்டில் பயிற்சி என்று வாரக்கணக்கில் போவார்கள். சில தீபாவளிக்கு வீட்டில் இருக்க மாட்டான். கல்யாணம் ஆன பிறகு அது உங்கள் பிரச்சினை மட்டும் இல்லை, வருகிற பெண்ணுக்கும்தான்.

அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை. பெருமைப்படுங்கள் அண்ணா, ஆனால் சொந்தக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். தேக்கா சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னப்பா, ஆர்மிக்காரா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், பிடிக்கவில்லை என்று பின்வாங்க அந்தப் பிள்ளைக்கு வெட்கமாகிவிடும்.

சேரும் நாளில் நீங்களும் அவனோடு படகில் டெக்கோங் போகலாம், அவன் படுக்கப்போகும் கட்டிலைப் பார்க்கலாம், சமையல்கூடத்தில் சாப்பிடலாம். கட்டாயம் போங்கள், பாதி பயம் அங்கேயே குறையும். முதல் முறை வெளியே விட்டு பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும்போது கறுத்து, மெலிந்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பான். அன்றைக்கு சைன் ஆன் பற்றி எதுவும் கேட்காதீர்கள், சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். யூனிட்டுக்குப் போய் 4 மாதம் ஆன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலை கேம்ப்புக்குத் திரும்பப் பையை அடுக்குவான் இல்லையா, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து அவன் செக்‌ஷனில் இருக்கிற மற்ற பையன்களைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொருவனைப் பற்றியும் பெயர் சொல்லி, யாருக்கு என்ன கஷ்டம் என்று பேச ஆரம்பித்தான் என்றால், ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவனை என்னிடம் அனுப்புங்கள், வரி வரியாகச் சேர்ந்து படிக்கிறோம்.