முழங்கால் வலியோடு மர்செய் நடை

கேள்வி: மகள் பிரான்ஸின் மர்செயில் படிக்கிறாள். நவம்பர் கடைசியில் போகிறோம். பழைய துறைமுகத்தை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. எப்படிப் போவது?
– வாசகி, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: நகர மண்டபத்தின் பின்பக்கமாக லெ பனியே என்ற பழைய குடியிருப்பு மேட்டுக்கு ஏறினால் படிக்கட்டுகள் மாமியாரைப் பாடாய்ப்படுத்தும். முன்பதிவின்போதே பாதையை மாற்றித் தரும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். துறைமுகக் கரையோரம், நம் போர்ட் லூயிஸ் கோடான் துறைமுகக்கரை போலச் சமதரையில், மூசெம் அருங்காட்சியகம் வரை நடக்கலாம். லிஃப்டில் மொட்டைமாடி ஏறி, 115 மீட்டர் நடைபாலத்தில் சேன் ழான் கோட்டைக்குப் போகலாம். அங்கிருந்து இரண்டாவது பாலம் சேன் லோரான் தேவாலயத்தருகே விடும். மேட்டின் பாதி உயரம் படியேறாமலே வந்துவிடும்!

வழியில் கரையோரக் கட்டடங்கள் புதிதாகத் தெரிகிறதே என்று யோசிப்பீர்கள். 1943இல் ஜெர்மானியர் அந்தப் பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேட்டில் தவறவிடக் கூடாதது வியேல் ஷாரித்தே: 1671இல் தொடங்கிய ஏழைகள் விடுதி, மூன்றடுக்கு வளைவுகள், முற்றத்தின் நடுவே முட்டைவடிவக் குவிமாடம்.

திங்களும் செவ்வாயும் வேண்டாம். முன்னதில் ஷாரித்தே அருங்காட்சியகங்கள், பின்னதில் மூசெம் மூடியிருக்கும். மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். மிஸ்த்ரால் காற்று பாலத்தில் தொப்பியைப் பறிக்கும்; சால்வையை ஊசி குத்திப் போர்த்துங்கள்.