டிராக்டர் பின்விளக்கு: முதுகைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

இந்த முறை டிராக்டர், டிரெய்லர் பின்விளக்குகள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சின்னப் பொருள்தான். ஆனால் இருட்டில் மெதுவாகப் போகிற வண்டிக்குப் பின்னால் வேகமாக வருகிறவருக்கு முன்னால் வண்டி இருப்பதைச் சொல்வது அது ஒன்றுதான். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: டிரெய்லருக்கு எல்இடி பின்விளக்கு வாங்கினேன். அட்டையில் ஐபி67, வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தது. ஒரு சீசன்கூட முடியவில்லை, கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்து நிற்கிறது. பொய்யாக அச்சடிக்கிறார்களா?

பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் நிஜமாகவே ஐபி67 சோதனையில் தேறிய விளக்குக்குள்ளும் தண்ணீர் போக வழி உண்டு. அதைப் புரிந்துகொண்டால் அடுத்த விளக்கை ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஐபி67-இல் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு. 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் வரும் அளவுக்குத் தண்ணீர் புகாது என்பதற்கு. அந்தச் சோதனையில் பொருளுக்கும் தண்ணீருக்கும் சூட்டு வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. புது விளக்கு, ஒரே ஒரு தடவை, அசையாமல் கிடக்கிறது.

வயலில் நடப்பது வேறு. வெயிலில் நின்ற கறுப்பு பாடி 60 டிகிரி சூடேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைபட்ட காற்றும் அதே சூட்டில் இருக்கும். அதன்மேல் 25 டிகிரி தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினால் காற்று சட்டென்று குளிர்ந்து, உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 1 மீட்டர் தண்ணீரின் அழுத்தம். அதாவது ஐபி67 சோதனையில் ஒரே தடவை கொடுக்கும் அழுத்தத்தை உங்கள் விளக்கு ஒவ்வொரு கழுவலிலும் தாங்கவேண்டியிருக்கிறது, அதுவும் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துபோன ரப்பரோடு. முடியளவு இடுக்கு இருந்தால் போதும், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போன தண்ணீர் அதே வழியில் திரும்பி வராது.

இதற்கு நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, உள்ளே காற்றே இல்லாதபடி சர்க்யூட் போர்டின்மேல் பாலியூரித்தேன் அல்லது சிலிகோன் பிசின் ஊற்றி மூடிவிடுவது. இன்னொன்று, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வைத்த மூச்சுத் துளை. விளக்கைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பிசின் வார்த்திருப்பது தெரிகிறதா, அல்லது சட்டைப் பொத்தான் அளவில் அந்தச் சவ்வு இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் நாலு ஸ்க்ரூவும் ஒரு ரப்பர் வளையமும் மட்டும் என்றால், டிரெய்லருக்கு அது வேண்டாம்.

வயர் வழியாகவும் தண்ணீர் வரும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. விளக்கிலிருந்து வருகிற வயரை எங்கோ முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்போம். அந்த முறுக்கில் நனைந்த செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து, இன்சுலேஷனுக்குள்ளேயே பயணம் செய்து விளக்குக்குள் போய் இறங்கும். வெளியே பார்த்தால் ஒரு கசிவும் தெரியாது. வயரைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் இந்த வழியில்தான் வந்திருக்கிறது. ரப்பர் சீல் உள்ள கனெக்டரோ, உள்ளே பசை பூசிய சுருங்கு குழாயோ போட்டால் இது நிற்கும்.

பிரஷர் வாஷர் வைத்துக் கழுவுகிறவர்கள் ஐபி69கே என்ற குறியைத் தேடுங்கள். 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 செ.மீ. தூரத்திலிருந்து நாலு கோணங்களில் பாய்ச்சிச் சோதிப்பது அது. ஆனால் 69கே என்றால் 67-உம் சேர்ந்தே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பீய்ச்சலைத் தாங்குவது வேறு, முங்கிக் கிடப்பது வேறு. சேற்றில் இறங்குகிற வண்டிக்கு இரண்டும் போட்டிருக்க வேண்டும்.

வாங்கி வந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து விளக்கை முக்குங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, இடுக்கு இருக்கும் இடத்தில் குமிழி வரும். சவ்வு வைத்த துளையில் வந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் விடும். ஓரத்திலோ வயர் நுழையும் இடத்திலோ வந்தால் அப்படியே துடைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: பழைய பின்விளக்கு பெரிய டப்பா மாதிரி இருக்கும், மரக்கிளையிலும் கேட்டிலும் இடித்து உடைந்துகொண்டே இருக்கிறது. உள்ளங்கை அளவில் இப்போது எல்இடி விளக்கு வருகிறது. இவ்வளவு சின்னதாக இருந்தால் தூரத்திலிருந்து தெரியுமா?

தெரியும், சரியாகச் செய்திருந்தால். அளவைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். அட்டையில் எழுதியிருக்கும் லூமன் (விளக்கு விடும் மொத்த வெளிச்சம்), எல்இடி எண்ணிக்கை இரண்டையும் நம்பியும் முடிவுசெய்ய வேண்டாம். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேர்கிறது என்பதுதான் கணக்கு. அதை கேண்டெலாவில் அளப்பார்கள்.

பல நாடுகள் பின்பற்றும் ஐநா வாகன விதிகளில் சாதாரண டெயில் லைட்டுக்கு நேர் பின்னால் குறைந்தது 4 கேண்டெலா, பிரேக் லைட்டுக்கு குறைந்தது 60 என்று வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச எல்லையும் உண்டு, ஏனென்றால் கண் கூசினாலும் ஆபத்துதான். டெயிலும் பிரேக்கும் ஒரே இடத்தில் எரிகிற விளக்கில், பிரேக் மிதித்ததும் வெளிச்சம் குறைந்தது 5 மடங்காவது ஏற வேண்டும். விலை மலிந்த சின்ன விளக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். டெயிலே பளபளவென்று எரியும். பிரேக் மிதித்தால் வித்தியாசம் தெரியாது. கடையில் பார்க்கிறவருக்கு 'நல்ல வெளிச்சம்' என்று தோன்றும். சாலையில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிறுத்துவதே தெரியாது. கடையில் பேட்டரி கொடுத்து எரியவிட்டு, பத்து அடி தள்ளி நின்று டெயிலை மட்டும் ஒருதரம், பிரேக்கோடு ஒருதரம் பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் நடந்து பாருங்கள். டெயில் லைட் வெளிப்பக்கம் 80 டிகிரி வரை, அதாவது வண்டியின் விலாப்பக்கத்தில் நிற்கிறவருக்கும், தெரிய வேண்டும். வெறும் எல்இடியை நேராகப் பின்னோக்கி வைத்துவிட்டு வெளிச்சத்தைப் பரப்பும் கண்ணாடி போடாத விளக்கு, கொஞ்சம் விலகினாலே மங்கிப்போகும்.

அங்கீகாரம் பெற்ற விளக்கின் கண்ணாடியிலேயே ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் வார்த்திருப்பார்கள். அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும். ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் நாட்டுக்கென்று தனிக் குறி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்இடிக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. பழைய பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 விநாடி பிடிக்கும். எல்இடி உடனே எரியும். பின்னால் 60 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு அந்த இடைவெளியில் 3 மீட்டருக்கு மேல் மிச்சம்.

கேள்வி: பல்பை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினேன். இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கிறது. நண்பர் வண்டியில் அடிக்கவே இல்லை, எரிந்தபடியே நிற்கிறது. விளக்கு பழுதா?

விளக்கில் குற்றமில்லை. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கிற ஃபிளாஷர்தான் குழம்புகிறது. பழைய இண்டிகேட்டர் பல்பு 21 வாட். எல்இடி சில வாட்தான் எடுக்கும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் கரண்ட் குறைந்ததைப் பார்த்து 'ஒரு பல்பு போய்விட்டது' என்று நினைத்து வேகமாக அடிக்கும். நண்பர் வண்டியில் இருப்பது அநேகமாக பழைய சூட்டு ஃபிளாஷர். அதன் தகடு சூடாகி வளைந்தால்தான் அடிக்கும், எல்இடி எடுக்கிற கரண்டில் அது சூடாவதே இல்லை.

எல்இடிக்கு என்றே வரும் ஃபிளாஷரை மாற்றுங்கள், அதுதான் சுத்தமான வேலை. பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க, சிலர் விளக்கோடு ரெசிஸ்டர் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் அது இழுக்கிற சுமார் 20 வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும். வைக்கோல் தூசி படிகிற இடத்தில் அப்படி ஒன்றைக் கட்டித் தொங்கவிட நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: பேட்டரி இறங்கிப்போனதால் வேறு பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஓடும்போதே கழற்றினோம். இரண்டு பின்விளக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டன. எப்படி?

எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரிலிருந்து, அது ஓடும்போதே பேட்டரியைப் பிரித்ததால்தான். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல், 12 வோல்ட் லைனில் ஒரு கணத்துக்கு 80, 100 வோல்ட் வரை ஏறலாம். பல்பு அந்தக் கணத்தைச் சமாளித்தாலும் சமாளிக்கும். பாதுகாப்பு இல்லாத எல்இடி சர்க்யூட் தாங்காது.

வாங்கும்போது 10 முதல் 30 வோல்ட் வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதோடு திடீர் வோல்ட் உயர்வுக்கும், பிளஸ் மைனஸ் மாறிப்போவதற்கும் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் நடந்த மாதிரி வோல்ட் எகிறுவதற்கு 'லோட் டம்ப்' என்று பெயர்; டேட்டா ஷீட்டில் அந்தச் சொல் இருந்தால் நல்ல அறிகுறி. எந்த விளக்கு போட்டிருந்தாலும், எஞ்சின் ஓடும்போது வண்டியில் பேட்டரி இல்லாமல் விடாதீர்கள்.

கேள்வி: டிரெய்லரில் பிரேக் மிதித்தால் டெயில் அணைகிறது, இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. கடைக்காரர் விளக்கை மாற்றச் சொல்கிறார்.

மாற்ற வேண்டாம். எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி, போயிருக்கிறது. கொக்கி வழியாக எர்த் வரட்டும் என்று விட்டிருந்தால், அங்கே கிரீஸும் துருவும் சேர்ந்து தொடர்பு விட்டு விட்டு வரும். கரண்ட் திரும்பிப் போக வழி தேடி மற்ற விளக்குகள் வழியாகப் புகுந்துவிடும். 7 பின் சாக்கெட்டில் எர்த்துக்கு என்று தனி பின் இருக்கிறது. ஐஎஸ்ஓ முறைப்படி அது 3-ஆம் பின், வெள்ளை வயர். அதிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுங்கள். ஆனால் வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், முன்பே யாராவது மாற்றிப் போட்டிருப்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

கேள்வி: டிரெய்லர் கட்டும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வண்டிக்கென்று சிறிய, உறுதியான பின்விளக்கு ஒன்றைச் செய்து வாங்க நினைக்கிறோம். தயாரிப்பாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில் சூடு. விளக்கைச் சின்னதாக்கினால் சூடு வெளியேறும் பரப்பும் சின்னதாகும். சிவப்பு எல்இடி சூடேற ஏற மங்கும், அதிலும் வெள்ளையைவிட வேகமாக. ஐந்து நிமிடம் பிரேக் எரியவிட்டால் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அலுமினியம் அடித்தகட்டுப் போர்டு, அந்தச் சூடு பாடிக்குப் போக ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

அடுத்து கண்ணாடி. பாலிகார்பனேட் அடி தாங்கும். ஆனால் வெயிலுக்கு எதிரான பூச்சு இல்லாவிட்டால் மஞ்சளடிக்கும். டீசல் பட்டாலும், சாணக் குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் அம்மோனியா பட்டாலும் வெடிப்பு விடும். அக்ரிலிக் வெயிலைத் தாங்கும், கல் அடித்தால் உடையும். மாட்டுப் பண்ணைக்குப் போகிற வண்டியா, வைக்கோல் ஏற்றுகிற வண்டியா என்பதைச் சொல்லிவிட்டு எது பொருத்தம் என்று கேளுங்கள். பாலிகார்பனேட்தான் என்றால், கண்ணாடி விளக்கின் பாடிக்குள் 5 மி.மீ. உள்ளடங்கி உட்காரும்படியும் சுற்றி ஒரு வரம்பு இருக்கும்படியும் வடிவமைக்கச் சொல்லுங்கள். உரசல் வரம்பில் படும், கண்ணாடி தப்பிக்கும்.

சாணக் குழி வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. எல்இடியின் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளிப் பூச்சை அது கறுக்க வைக்கும். விளக்கு உடையாமலே, வயர் அறாமலே மங்கிப்போவதற்கு இது ஒரு காரணம். சிலிகோன் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் இந்த வாயுவை விட்டுவிடும். கந்தகம் தாங்கும் எல்இடி என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

டிராக்டருக்குப் பின்னால் வருகிற குலுக்கல் காரில் வருகிற குலுக்கல் இல்லை. பெரும்பாலான டிரெய்லர்களில் ஸ்பிரிங்கே கிடையாது. குலுக்கலில் முதலில் அறுவது வயர் பாடிக்குள் நுழையும் இடம். விளக்கைப் பிடித்துக்கொண்டு வயரை இழுத்து, வளைத்துப் பாருங்கள். பாரம் சாலிடரில் விழாமல் பாடியில் விழ வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு இழை கேளுங்கள்.

கடைசியாக, வயரை விளக்கோடு வார்த்துவிடாமல் கனெக்டரில் கழற்றும்படி செய்யுங்கள். பிசின் வார்த்த விளக்கைப் பிரித்துப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். அந்த மாற்றுகிற வேலையாவது வயலில் நின்றபடி, ஒரு ஸ்பேனரோடு முடிய வேண்டும். போல்ட் துளைகளின் இடைவெளியையும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள அளவிலேயே வையுங்கள். உங்கள் பட்டறை விளக்கு கிடைக்காத நாளில் வேறு விளக்காவது மாட்ட முடியும்.

கேள்வி: எல்இடி போட்டாயிற்று. இனி சிவப்பு ரிஃப்ளெக்டர் எதற்கு?

ஃபியூஸ் போனாலும், சாக்கெட் கழன்றாலும், டிரெய்லரை மட்டும் ஓரமாக விட்டுவிட்டு வந்தாலும், பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்திலேயே ஒளிர்வது அதுதான். கட்டாயம் வேண்டும். ஐநா விதிப்படி டிரெய்லருக்கு முக்கோண வடிவம், டிராக்டருக்கு முக்கோணம் அல்லாத வடிவம். சேறு தெறிக்காத உயரத்தில் வைத்து, விளக்கைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடையுங்கள்.