வானிலை சென்சாரை எந்தப் பெட்டிக்குள் வைப்பது?

கேள்வி: மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு வானிலை நிலையம் அமைத்திருக்கிறேன். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 சென்சார், அதன் அளவுகளை வைஃபையில் அனுப்பும் இஎஸ்பி8266 போர்டு, பேட்டரி மூன்றையும் ஐபி65 தரமுள்ள சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வைத்து, காற்று போக நான்கு துளை போட்டு, கைப்பிடிச் சுவரில் திருகிவிட்டேன். இரவில் கணக்கு சரியாக இருக்கிறது. மதியத்தில் பக்கத்து வானிலை நிலையத்தைவிட 7 டிகிரி அதிகம் காட்டுகிறது. மழை பெய்தால் ஈரப்பதம் இரண்டு நாள் 100-லேயே நிற்கிறது. இன்னும் பெரிய பெட்டி வாங்கலாமா? வெள்ளை பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்:

பெரிய பெட்டி வாங்காதீர்கள். உங்கள் சென்சார் பழுதாகவும் இல்லை. பெட்டிக்குள் எவ்வளவு சூடோ அதைச் சரியாகத்தான் அளந்து சொல்கிறது. இரவில் கணக்கு ஒத்துப்போவதே அதற்குச் சாட்சி. வெயில் போனதும் பிழையும் போய்விடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், எதிரும் புதிருமான தேவை உள்ள இரண்டை ஒரே வீட்டில் குடிவைத்திருக்கிறீர்கள். போர்டுக்கும் பேட்டரிக்கும் தண்ணீர் ஆகாது, அவற்றை மூடித்தான் வைக்க வேண்டும். சென்சார் வெளிக்காற்றிலேயே நின்றால்தான் அதற்கு வேலை. போதாக்குறைக்கு, வைஃபை ஓடும்போது போர்டும் கொஞ்சம் சூடாகும். மூடிய பெட்டியில் அந்தச் சூடும் சென்சார் மேல்தான் விழும். ஆகவே முதலில் இரண்டையும் பிரியுங்கள். சென்சாருக்குத் தனிக் கூடு, போர்டுக்குத் தனிப் பெட்டி, இடையில் அரை மீட்டர் வயர். பிஎம்இ280 போர்டோடு பேசும் ஐ2சி என்ற தகவல் இணைப்பு நீள வயருக்காக உருவானது அல்ல. அரை மீட்டரில் பொதுவாகத் தொல்லை இருக்காது, தகவல் விட்டுவிட்டு வந்தால் கிளாக் வேகத்தை, அதாவது அந்த இணைப்பில் தகவல் ஓடும் வேகத்தை, குறைத்துப் பாருங்கள்.

இப்போது கூட்டுக்கு வருவோம். அதற்கு இரண்டே வேலை: வெயிலையும் மழையையும் மறைக்க வேண்டும், காற்றைத் தடுக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி கண்டவர் தாமஸ் ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர், எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. நான்கு பக்கமும் சாய்ந்த பலகைகள் அடுக்கிய வெள்ளை மரக்கூண்டு அவருடையது. அவர் பெயரால் இன்றும் பல வானிலை நிலையங்களில் நிற்கிறது. வீட்டு நிலையத்துக்கு அவ்வளவு பெரியது வேண்டாம். மரம் சூடாகவும் ஆறவும் நேரம் எடுப்பதால் அளவும் கொஞ்சம் பின்தங்கும். கவிழ்த்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கிய கூடு போதும்.

கடையில் வாங்கலாம், கையாலும் செய்யலாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் ஏழெட்டு, 15 முதல் 20 செ.மீ. அகலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வரும் இரண்டையும் அடியில் வரும் ஒன்றையும் முழுதாக விட்டுவிட்டு, மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டுங்கள். மூன்று மரையாணிக் கம்பிகளில் கவிழ்த்துக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே சுமார் ஒன்றரை செ.மீ. இடைவெளி விடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் வடியச் சில துளை மட்டும் போடுங்கள். அதையும் திறந்துவிட்டால் மாடித் தரையிலிருந்து எழும் சூடு நேராகச் சென்சாரைத் தொடும். கூட்டை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் கண்ணில் படக் கூடாது. மேலே இரண்டு முழுத் தட்டு ஏன் என்றால், வெயிலை அதிகம் வாங்குவது கூரைதான். முதல் தட்டு சூடானாலும், இடைவெளியில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கீழே இறங்க விடாது.

வெள்ளை பெயின்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளை நல்லது, கட்டாயம் அடியுங்கள். ஆனால் காற்றோடாத பெட்டிக்கு எத்தனை பூச்சு அடித்தாலும் மதியச் சூடு உள்ளேயே தங்கும். சிலர் அலுமினியத் தாளைச் சுற்றச் சொல்வார்கள். பளபளவென்று இருப்பதால் வெயிலைத் திருப்பிவிடும் என்று நம்பிக்கை. திருப்பும்தான், ஆனால் வாங்கிய கொஞ்ச வெப்பத்தையும் அது எளிதில் வெளியே விடாது. வெள்ளைப் பெயின்ட் வெயிலையும் திருப்பும், தன் சூட்டையும் கதிராக வெளியே கொட்டும். முப்பரிமாண அச்சில் கூடு செய்வதாக இருந்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி அளவிலேயே அது இளகி வளையத் தொடங்கும். பல ஆண்டு வெயிலைத் தாங்க ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் நல்லது.

இந்தக் கூட்டுக்கும் ஒரு குறை உண்டு. காற்றே அசையாத, வெயில் கொளுத்தும் மதியத்தில் இதுவும் ஓரிரு டிகிரி கூட்டித்தான் காட்டும். அது பொறுக்காதென்றால் ஒரு சிறு கணினி மின்விசிறி வையுங்கள். காற்று முதலில் சென்சாரைத் தொட்டு, அப்புறம் விசிறியைக் கடந்து வெளியேற வேண்டும். திருப்பி வைத்தால் மோட்டாரின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

இடம். கைப்பிடிச் சுவரிலிருந்து முதலில் கழற்றுங்கள். நாளெல்லாம் வெயில் குடித்த சுவர் பக்கத்திலிருக்கும் காற்றையும் சூடாக்கும். உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர், அதுவும் புல்தரைக்கு மேல். மாடியில் புல்லுக்கு வழியில்லை. 2 மீட்டர் குழாய் நட்டு, சுவர், தண்ணீர்த் தொட்டி, ஏசி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். அப்போதும் பக்கத்து நிலையத்தோடு அச்சாக ஒத்துப்போகாது. அது உங்கள் மாடியின் வெப்பநிலை.

போர்டின் பெட்டியில் உங்களை ஏமாற்றியது ஐபி65 என்ற எண். தூசியும் பீய்ச்சும் நீரும் புகாது என்பதற்கான சான்று அது. பக்கத்தில் துளை போட்ட நிமிடமே அது செல்லாது. துளையே போடாவிட்டாலும் கதை முடிவதில்லை. வெயிலில் பெட்டிக்குள் வெப்பநிலை 60 டிகிரிக்கு ஏறும்போது காற்று விரிந்து மெல்லக் கசிந்து வெளியேறும். திடீர் மழையில் அது 25-க்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் பெட்டியை அமுக்கியது போன்ற இழுப்பு அது. ரப்பர் விளிம்பில் நிற்கும் மழைநீரை உள்ளே உறிஞ்ச அது போதும். உங்கள் பெட்டியிலோ மழைநீர் துளை வழியாகவே புகுந்திருக்கும். அது ஆவியாகி எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே சுற்றியதால்தான் உங்கள் ஈரப்பதம் இரண்டு நாள் 100-லேயே நின்றிருக்கும்.

பெட்டியை நிழலில் மாட்டுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதும் பொதுவாக ஆகாது. வயர்கள் எல்லாம் அடிப்பக்கத்திலிருந்து, வயரை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும் கேபிள் கிளாண்ட் வழியாக நுழையட்டும். நுழையுமுன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அழுத்தம் சமனாக, காற்றை விட்டு நீரை நிறுத்தும் சவ்வு மூச்சுவால்வு ஒன்றைக் கீழே பொருத்துங்கள்.

சென்சாரின் சிறு துளையில் வார்னிஷோ பசையோ படக் கூடாது. புளித்த வாடை வீசும் சிலிகான் பசையைக் கூட்டுக்குள் தொடவே வேண்டாம், அதன் ஆவி ஈரப்பத அளவைக் கெடுக்கும். எறும்பும் குளவியும் இந்த நிழலைத் தேடி வரும். துருப்பிடிக்காத கம்பி வலை போடுங்கள், ஆனால் மிக நெருக்கமான வலை தூசியில் அடைத்துப்போகும். என் முதல் கூட்டில் குளவி மண் பூசியதை, அளவுகள் மந்தமாக ஏறி இறங்கியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு குடைச் சோதனை. காற்றில்லாத வெயில் மதியத்தில், கூட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடையைப் பிடித்து, அதன் மேல் பத்து நிமிடம் நிழல் விழச் செய்யுங்கள். அளவு அரை டிகிரிக்கு மேல் இறங்காவிட்டால் கூடு நன்றாக இருக்கிறது. இரண்டு டிகிரி இறங்கினால் தட்டு இடைவெளியையும் கூரையையும் மறுபடி பாருங்கள்.

பழைய பதிவுகளை அழித்துவிட வேண்டாம். வெளியே 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று பெட்டிக்குள் 37 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் சுமார் 47 என்று காட்டும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, அதாவது பனிநிலையை, இந்த இரண்டு கணக்கிலிருந்தும் போட்டுப் பாருங்கள், ஒன்றாகவே வரும். மழைக்குப் பின் வந்த அந்த இரண்டிரண்டு நாட்களைத் தள்ளிவிட்டால் மீதி நாட்களின் பனிநிலை தேறும். காற்றழுத்தப் பதிவு முழுவதுமே செல்லும், நான்கு துளை அதற்குத் தாராளம்.