புது ஆப் கட்டுவதா, இருப்பதில் கை வைப்பதா?

கேள்வி: ஐயா, நான் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறேன். 2024 நவம்பரில், தேர்தலுக்கு முன், சமூக ஊடகங்களை முடக்கச் சொல்லி ஐசிடிஏ என்ற தகவல்தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டதே, அன்றைக்குத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. நம் தீவுத் தமிழர்களுக்கென்று சொந்தமாக ஒரு அரட்டை ஆப் செய்ய வேண்டும். நண்பர்கள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். லோகோ தயார், உள்நுழையும் திரையும் தயார். எபென் சைபர் சிட்டியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, "புதிதாக எதற்கு? இருக்கிற திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) ஒன்றில் சேர்ந்து வேலை செய்" என்கிறார். அதையும் முயன்றேன். ஒரு தமிழ் எழுத்துக் கோளாறுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். வாரக்கணக்காகப் பதில் இல்லை. அடுத்தவர் வாசலில் நிற்பதைவிட நாமே கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
- ரோஸ்ஹில் வாசகர்

பதில்: தம்பி, நான் சித்தப்பா கட்சி. முழுக்க அல்ல, முக்கால்வாசி.

கணக்குப் போடும் ஆப் என்றால் நீங்கள் ஒருவர் வைத்திருந்தாலே பயன்தான். அரட்டைக்கு மறுமுனையில் ஆள் வேண்டும். கத்ர்போர்னில் இருக்கும் அத்தையும் ரெயூனியனில் இருக்கும் மாமாவும் வாட்ஸ்அப்பை விட்டு உங்களிடம் வர வேண்டும். அவர்கள் வரும் நாளில் எல்லாமே சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு செய்தி வராமல் போனால் மறுநாள் திரும்பிப் போய்விடுவார்கள். இந்த இடத்தில்தான் மாணவர்களின் கணக்கு தப்புகிறது. செய்தி அனுப்பும் திரையை ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். ஆனால் போன் பையில் தூங்கும்போது பேட்டரியைச் சேமிக்க ஆண்ட்ராய்டு உங்கள் ஆப்பை நிறுத்திவைக்கும். அப்போதும் மணி அடிக்க வேண்டும். நெட் அறுந்து திரும்பினால் ஒரே செய்தி இரண்டு தடவை வரக்கூடாது, முன்னது பின்னதாகவும் வரக்கூடாது. ஒருவரிடம் போன், மடிக்கணினி இரண்டும் இருந்தால் செய்தியைப் பிறர் படிக்காமல் பூட்டும் மறையாக்கச் சாவி இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் லோகோவில் தெரியாத வேலை, வருடக்கணக்கில் இழுக்கும் வேலை.

வாட்ஸ்அப்பையே பாருங்கள். 2009இல் தொடங்கியபோது அவர்கள் சர்வரை, அதாவது செய்திகளை நடுவில் வாங்கிக் கைமாற்றும் நிரலை, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுதவில்லை. ஈஜாபர்ட் என்ற திறந்த மூல சர்வரை எடுத்து, தங்களுக்கு வேண்டியபடி மாற்றி மாற்றி வளர்த்தார்கள். 2014இல் பேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கிய விலை உங்களுக்கே தெரியும்.

அதற்காகப் புதிதாக எதுவும் எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. எந்த அடுக்கில் புதிதாக எழுதுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறை, அதாவது ஆப்களும் சர்வர்களும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறை, ஜாபர் என்ற பெயரில் 1999இல் வந்தது. கான்வர்சேஷன்ஸ் என்ற ஆண்ட்ராய்டு ஆப் 2014இல் வந்தது. ஆப் புதிது, ஆனால் அடியில் ஓடுவது பழைய நெறிமுறை. அதனால் முதல் நாளிலேயே அந்த ஆப்பால் உலகம் முழுக்க இருந்த எக்ஸ்எம்பிபி சர்வர்களோடு பேச முடிந்தது. உங்கள் மூவருக்கும் முகப்பு வரையும் ஆசை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். எக்ஸ்எம்பிபி அல்லது அதைப் போன்ற மேட்ரிக்ஸ் நெறிமுறை மேல் உட்காரும் ஒரு கிளையண்ட், அதாவது பயனர் கையில் இருக்கும் ஆப், எழுதுங்கள். சர்வரையும் மறையாக்கத்தையும் தொடாதீர்கள். குறிப்பாக மறையாக்கத்தை.

ஒரு எச்சரிக்கை. மூல நிரல் திறந்திருக்கிறது என்பதால் எல்லாமே திறந்திருப்பதாக நினைக்க வேண்டாம். சிக்னல் என்ற அரட்டை ஆப்பின் நிரலை எடுத்து லிப்ரேசிக்னல் என்று ஒரு மாற்றுப் பதிப்பைச் சிலர் நடத்தினார்கள். 2016இல் சிக்னலைத் தொடங்கியவர், எங்கள் சர்வரை நீங்கள் பயன்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நிரலை எடுக்க உரிமை உண்டு, சர்வரில் ஒட்டிக்கொள்ள உரிமை இல்லை.

முடக்கத்தைப் பற்றிய உங்கள் கோபம் நியாயம். உத்தரவு ஒரு நாளில் திரும்பப் பெறப்பட்டாலும் அந்த ஒரு நாளை யாரும் மறக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், தீவுக்குள் ஒரே ஒரு சர்வர், அதை நடத்துபவர்கள் முகவரி தெரிந்த மூன்று மாணவர்கள். அதை நிறுத்த உத்தரவுகூட வேண்டாம், ஒரு போன் போதும். பல ஊர்களில் பல பேர் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் அமைப்பை முடக்குவது அதைவிடக் கடினம், முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் திருத்தம். இந்த விஷயத்தில்தான் உங்களைப் போன்ற ஒருவர் பெர்லினில் இருக்கும் பத்து நிரலாளர்களைவிட உபயோகமானவர். 'கொ' என்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) ஒரே குறியாகப் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும்போது நிரல் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், "கொடியேற்றம் எப்போது?" என்று போன வாரம் வந்த செய்தி கண்முன்னே இருந்தும் கிடைக்காது. படம் வைக்காதவர்களின் பெயருக்கு முதல் எழுத்தை வட்டத்துக்குள் போடும் வழக்கம் உண்டல்லவா? எழுத்து என்பதை ஒரு குறி என்று மட்டும் எண்ணும் நிரலில் கோகிலாவும் கௌரியும் கிருஷ்ணனும் வெறும் 'க' ஆகிவிடுவார்கள். நீளமான செய்தியின் முன்னோட்டத்தை வெட்டும்போது புள்ளி ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் 'சென்ட்' என்று நான்கு எழுத்தில் அடங்கும் பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் நிற்கும். இவை ஒவ்வொன்றும் சில வரித் திருத்தம்தான், ஆனால் தமிழில் தினம் தட்டச்சு செய்பவர் கண்ணுக்குத்தான் படும். திருத்தினால் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சரியாகிறது. உங்கள் சொந்த ஆப்பில் அதே வேலையைச் செய்தால் மூன்று பேருக்குச் சரியாகும்.

சின்னத் திருத்தம் என்று குறைவாக நினைக்க வேண்டாம். ஹேக்கர்ஸ்.எம்யூ என்ற மொரீஷியஸ் நிரலாளர் குழுவின் லோகநாதன் வெல்விந்த்ரோன் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 8270 என்ற இணைய நெறிமுறை ஆவணம் 2017 டிசம்பரில் வெளியானது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையில், சாவி பரிமாறப் பயன்படும் டிஃபி-ஹெல்மன் எண்ணுக்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவை 1024 பிட்டிலிருந்து 2048 ஆக்கியதுதான் அதன் வேலை. சில பக்கங்கள். மொரீஷியஸிலிருந்து போனது. புது நெறிமுறை கண்டுபிடித்திருந்தால் அதை யார் படித்திருப்பார்கள்?

பதில் வராததற்கு வருவோம். பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பவர் வேலை முடிந்து வந்து, இரவில், சம்பளமில்லாமல் பார்க்கிற ஆள். தமிழ் தெரியாது. நீங்கள் அனுப்பியது சரியா என்று சோதிக்க அவருக்கு வழியே இல்லை, அதனால் நகர்த்தி வைத்திருப்பார். திருத்தத்தை மட்டும் அனுப்பாமல், கோளாறு தெரியும் திரையின் படம் ஒன்று, சரியான தோற்றம் ஒன்று, தானாக ஓடும் ஒரு சோதனை, இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரே கோரிக்கையில் ஐந்து மாற்றங்களை அடைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை, வேறு திட்டத்துக்குப் போங்கள். கடைசியாக யார், எப்போது, எதை ஏற்றுக்கொண்டார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுச் சேர்வது இன்னும் நல்லது.

சித்தப்பா பக்கம் முக்கால்வாசிதான் என்றேனே, மிச்சம் கால் பங்கு இது. பழைய நிரல் சில சமயம் உண்மையிலேயே திருத்தத்துக்குள் அடங்காது. பிட்ஜின் என்ற பழைய அரட்டை மென்பொருளின் இரண்டாம் பதிப்பு 2007இல் வந்தது. மூன்றாவதுக்கு முதல் சோதனை வெளியீடு வரவே 2024 இறுதி ஆகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு இளமையைத் தொலைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதுகூட, உள்ளே போய் ஒரு வருடம் உழைத்தவருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா நிரலும் குப்பையாகத்தான் தெரியும்.

புயல் நேரத்துக்கும் ஆப் வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். பிரையர் என்ற ஆப் இருக்கிறது, நெட் இல்லாமலும் புளூடூத், வைஃபை வழியே செய்தி கொண்டுபோகும். ஆனால் மூன்றாம் எச்சரிக்கை வந்து எல்லோரும் கதவடைத்து உள்ளே இருக்கும்போது புளூடூத் பக்கத்துத் தெருவுக்கு எட்டாது. அதற்கு வீட்டில் பேட்டரி ரேடியோ வையுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்து பாருங்கள். மூவரும் சேர்ந்து ஒரு பழைய கணினியில் புரோசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை நிறுவுங்கள், லேசானது. உங்கள் கோவில் காவடிக் குழுவில் பத்துப் பேரை மட்டும் அதில் சேருங்கள். ஆண்ட்ராய்டுக்கு கான்வர்சேஷன்ஸ், ஐபோனுக்கு மோனல். எஃப்-டிராய்டு என்ற திறந்த மூல ஆப் கடையில் எடுத்தால் கான்வர்சேஷன்ஸுக்குக் காசு கிடையாது. தைப்பூசம் வரை அவர்கள் என்னவெல்லாம் முறையிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலில் முதலில் எதில் கை வைப்பது என்று தடுமாறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். லோகோவை அனுப்ப வேண்டாம்.